துருவ மேல்வான ஆராய்ச்சி

(தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியது)

தோற்றுவாய்

2024-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் இரவு, லடாக்கிலுள்ள ஹன்லே என்னும் மலையூரின் வானாராய்ச்சி நிலையத்துக் கருவிகள், வடபால் அடிவானத்தையொட்டிச் செந்நிற ஒளியொன்று படர்ந்திருக்கக் கண்டன. அது திங்களின் ஒளியன்று. காடு எரிந்தமையால் எழுந்த ஒளியுமன்று. வடமுனையைச் சூழ்ந்த நாடுகளில் உறைவோர்க்கே காட்சி தருவதாகிய துருவ ஒளி, அன்றிரவு தன் எல்லையைக் கடந்து தெற்கே இறங்கி, நம் பாரத நாட்டின் வட எல்லையிலும் தன் முகத்தைச் சிறிது காட்டிற்று. அதற்கு முந்திய இருபதாண்டுகளில் அத்துணைப் பெரிய காந்தப்புயல் பூமியைத் தாக்கியதில்லை என்று அறிஞர் கூறினர்.

இவ்வொளி யாது? இஃது எங்கே பிறக்கின்றது? மனிதன் ஏறிச்செல்லுதற்கு அரியதாகிய அவ்வுயரத்தில் நிகழ்வனவற்றை நாம் எங்ஙனம் அறிகின்றோம்? இவ்வினாக்களுக்கு விடை தேடுதற்கு இக்காலத்தார் கைக்கொண்ட சிறந்த கருவிகள் இரண்டு. ஒன்று ரேடார், மற்றொன்று செயற்கைக்கோள். இவற்றின் இயல்பினையும் பயனையும் இக்கட்டுரையிற் சுருங்கக் கூறப் புகுகின்றேன்.

இலக்கண இலக்கியம் பயில்வோனாகிய யான் பௌதிக நூலார்க்குரிய பொருளில் தலையிடுதல் துணிவேயாம். ஆயினும், அயற்பொருளென்று எண்ணித் தொட்ட இப்பொருள் என்னை எளிதில் விடவில்லை. இது வெறுங் கருவிகளின் வரலாறன்று. ஓர் உண்மை ஏறக்குறைய அறுபதாண்டுக் காலம் தீர்ப்பின்றி நின்று, பின்னர் வென்ற வரலாறு என்பதனைக் கண்டேன். அவ்வுண்மையைக் கூறியவர் தீர்ப்பைக் கேட்க உயிரோடில்லை என்பது மனத்தை வருத்துவது. குற்றங்காணும் விஞ்ஞான நண்பர்கள் பொறுத்தருளுவாராக.

மேல்வானத்தின் இயல்பு

நாம் உயிர்க்கும் காற்று மேலே செல்லச்செல்ல மெலிந்துகொண்டே போகும். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் அது மிகமிக நொய்தாகிவிடும். அங்கே சூரியனுடைய கடுங்கதிர்கள் காற்றின் அணுக்களைத் தாக்கி, அவற்றினின்றும் எலக்ட்ரான் என்னும் நுண்ணிய மின்துகள்களைப் பிரித்துவிடுகின்றன. எலக்ட்ரானை இழந்து நிற்கும் அணுவுக்கு அயனி என்பது பெயர். அயனிகளும் எலக்ட்ரான்களும் விரவிக் கிடக்கும் அப்பகுதியை அயனி மண்டலம் என்பர்.

சூரியன் ஒளியை மாத்திரமன்றி மின்துகள்களையும் ஓயாது வீசிக்கொண்டிருக்கின்றது. சூரியக் காற்று எனப்படும் இப்பெருக்கு, வினாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் பூமியை நோக்கி வருகின்றது. நம் பூமி ஒரு பெருங் காந்தமாதலின், அக்காந்த ஆற்றல் கோட்டை மதில்போல் நின்று இத்துகள்களை விலக்குகின்றது. ஆனால் மதிலுக்கு வாயில் உண்டன்றோ? பூமியின் நடுப்பகுதியில் தரையோடு ஒத்துப் படுத்துச் செல்லும் காந்தக் கோடுகள் துருவங்களை அடைந்ததும் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கின்றன. மின்துகள்கள் அக்கோடுகளுக்குக் குறுக்கே செல்ல மாட்டா. அவற்றின் வழியே செல்லும். ஆகவே துருவங்களே அக்கோட்டையின் வாயில்களாம். சூரியனின் ஆற்றல் நம் வானுக்குள் எங்ஙனம் புகுகின்றது என்பதனை அறிய விரும்புவார் துருவத்தை நாடுதற்குக் காரணம் இதுவே.

அவ்வாயில் வழியாக இறங்கும் எலக்ட்ரான்கள் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அணுக்களைத் தாக்கும்போது ஒளி பிறக்கின்றது. 100 முதல் 150 கிலோமீட்டர் வரையுள்ள உயரத்திற் பச்சொளியும், 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்திற் செவ்வொளியும் தோன்றும். ஹன்லேயிற் செந்நிறம் மட்டும் தோன்றியதன் காரணமும் இதனால் விளங்கும். ஒளி நெடுந்தொலைவிற்கு அப்பால் நிகழ்ந்தமையால், பூமியின் வளைவு அதன் பச்சை நிறக் கீழ்ப்பகுதியை மறைத்துவிட, செந்நிற மேற்பகுதியே புலப்பட்டது.

இம்மேல்வானத்தை நேரிற்சென்று ஆராய்தல் அரிது. ஆராய்ச்சிப் பலூன் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வரையே ஏறும். செயற்கைக்கோளோ, 200 கிலோமீட்டருக்குக் கீழிறங்கினாற் காற்றின் உராய்வால் வேகங்குன்றி விரைவில் எரிந்து விழும். ராக்கெட்டு ஊடே சென்று வருமெனினும், அதன் பயணம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். துருவ ஒளி கூத்தாடும் 100 கிலோமீட்டர் உயரம், கீழிருந்து செல்வார்க்கும் எட்டாது, மேலே சுற்றுவார்க்கும் எட்டாது இடைப்பட்டு நிற்கின்றது.

பிர்க்கலண்டின் கொள்கை

இக்கருவிகளில் ஒன்றுமில்லாத காலத்தில் இவ்வாராய்ச்சியிற் புகுந்தவர் நார்வே நாட்டினரான கிறிஸ்டியான் பிர்க்கலண்ட் என்பார். இவர் 1867-ஆம் ஆண்டு பிறந்தவர். காற்று நீக்கப்பட்ட ஒரு பெட்டியினுள் காந்தமேற்றிய சிறு உருண்டையொன்றைத் தொங்கவிட்டு, அதனைப் பூமியாக வைத்துக்கொண்டு, அதன்மேல் எலக்ட்ரான் கதிரைப் பாய்ச்சினார். உருண்டையின் இரு முனைகளைச் சுற்றியும் ஒளிவளையங்கள் தோன்றின. மேசைமேல் ஒரு துருவ ஒளியை அவர் படைத்துக்காட்டினார் என்னலாம்.

அவர் மேசையோடு அமைந்தாரல்லர். நார்வேயின் வடகோடியில் ஹால்டே என்னும் மலையின் உச்சியில், ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கல்லால் ஓர் ஆராய்ச்சிக் கூடம் எடுப்பித்து, கடுங்குளிர்க் காலத்தில் அங்கே தங்கினார். அம்முயற்சியில் அவருடைய இளைய உதவியாளர் ஒருவர் 1900-ஆம் ஆண்டு பனிச்சரிவில் அகப்பட்டு உயிர் துறந்தார். பிர்க்கலண்ட் பின்வாங்கவில்லை. 1902-03 ஆம் ஆண்டுகளில் நார்வே, ஐஸ்லாந்து, ஸ்வால்பார்டு, நோவாயா செம்லியா ஆகிய நான்கிடங்களில் நிலையங்கள் அமைத்து, ஒரே காலத்தில் காந்த ஊசியின் அசைவுகளைக் குறிப்பித்தார். துருவ ஒளி மிகுந்த வேளைகளில் நான்கிடத்து ஊசிகளும் அலைந்தன. அவ்வசைவுகளை ஒப்புநோக்கி அவர் கண்ட முடிபாவது: பூமிக்கு அப்பாலிருந்து பேரளவான மின்னோட்டம் காந்தக் கோடுகளின் வழியே இறங்கி, துருவ வானத்தில் கிடையாகச் சென்று, மீண்டும் மேலேறிச் செல்கின்றது என்பதாம். தம் ஆராய்ச்சியின் முதற்பகுதியை 1908-ஆம் ஆண்டு பெருநூலாக வெளியிட்டார்.

1917-ஆம் ஆண்டு ஜப்பானியத் தலைநகராகிய தோக்கியோவில் அவர் இறந்தார். அவர் கொள்கையும் அவரோடு இறந்ததென்றே பலரும் எண்ணினர். ஏனெனில், கணித வன்மையிற் சிறந்து விளங்கிய ஆங்கில அறிஞர் சிட்னி சாப்மன், அம்மின்னோட்டம் வெளியிலிருந்து வருவதன்று. மேல்வானத்தினுள்ளேயே கிடையாகச் சுழன்று நிறைவுறுவது என்னும் வேறொரு கொள்கையை நிலைநாட்டினார். அறிஞருலகம் பெரும்பாலும் அவர் பக்கமே நின்றது. சுவீடன் நாட்டு ஹானஸ் ஆல்வேன் போன்ற சிலரே பிர்க்கலண்டின் வழியைப் போற்றினர்.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். சாப்மனும் பொய்யுரைத்தாரல்லர், பிழையாகக் கணக்கிட்டாருமல்லர். தரையில் வைத்த காந்த ஊசிக்கு இவ்விரு கொள்கைகளும் ஏறக்குறைய ஒரே வகையான அசைவையே தரும். வானத்திற் கிடையாக ஓடும் மின்சாரத்தை ஊசி உணரும். மேலிருந்து நிமிர்ந்திறங்கும் மின்சாரத்தின் விளைவோ தரையில் பெரும்பாலும் மறைந்துபோம். ஆகவே சாட்சி ஒன்று. அதனைத் தனக்கே உரியதென்று இரு கட்சியாரும் காட்டினர். தரையில் நின்றுகொண்டு நூறாண்டு வாதிட்டாலும் இவ்வழக்குத் தீராது. மின்னோட்டம் இறங்கும் அவ்வழியின் ஊடே ஒருவர் குறுக்கே சென்று பார்த்தாலன்றி வேறு வழியில்லை.

செயற்கைக்கோள் தந்த தீர்ப்பு

அங்ஙனம் குறுக்கே சென்றது ஒரு செயற்கைக்கோள். 1963-ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படையினர் ஏவிய கோளொன்று, ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களின் மேலாகச் சுற்றிவந்தது. அதிலிருந்த காந்தமானி, துருவ ஒளி தோன்றும் வளையத்தைக் கடக்கும்பொழுதெல்லாம் காந்தக் கோட்டுக்குக் குறுக்கான திசையில் அசைவு காட்டிற்று. ஆல்பிரெட் ஸ்முடாவும் அவர் துணைவரும் இதனை 1966-ஆம் ஆண்டு வெளியிட்டனர். கண்டவர்களே முதலில் இதன் பொருளை உணரவில்லை; காந்தக் கோடுகளில் ஏதோ அலை எழுகின்றது என்றே கருதினர். மறுவருடம் கம்மிங்ஸ், டெஸ்லர் என்னும் இருவர், இது பிர்க்கலண்ட் கூறிய மின்னோட்டமே என்று எடுத்துக்காட்டினர். பெருநூல் வெளிவந்து ஐம்பத்தொன்பது ஆண்டுகளும், ஆசிரியர் இறந்து ஐம்பதாண்டுகளும் கழிந்திருந்தன.

பின்னர் 1972-ஆம் ஆண்டு ஏவப்பட்ட டிரையாட் என்னும் கோளின் அளவைகளைக் கொண்டு, ஈஜிமா, பொடெம்ரா என்போர் 1976-ஆம் ஆண்டு அம்மின்னோட்டங்களின் படத்தையே வரைந்து வெளியிட்டனர். துருவத்தைச் சுற்றி ஒன்றினுள் ஒன்றாக இரண்டு வளையங்கள் உள்ளன. துருவத்தை அடுத்த உள்வளையத்தில், காலைப் புறத்தில் மின்சாரம் கீழே இறங்குகின்றது. மாலைப் புறத்தில் மேலே ஏறுகின்றது. வெளிவளையத்தில் இது மாறி நிகழ்கின்றது. இவற்றின் மொத்த அளவு பத்து இலட்சம் ஆம்பியர்க் கணக்கினது. இன்று இவற்றிற்குப் பிர்க்கலண்ட் மின்னோட்டம் என்பதே பெயர். 1994-ஆம் ஆண்டு நார்வே அரசாங்கத்தின் வங்கி வெளியிட்ட 200 குரோனர் நாணயத்தாளில் அவருடைய உருவம் பொறிக்கப்பட்டது.

செயற்கைக்கோளின் குறை

செயற்கைக்கோள் இத்துணைச் சிறப்புடையதாயின், தரையில் ரேடார் எற்றுக்கு என்று சிலர் வினவலாம். வினா தக்கதே.

செயற்கைக்கோள் வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் விரைவது. துருவ ஒளியின் வளையத்தை அது ஓரிரு நிமிடத்திற் கடந்துவிடும். மீண்டும் அப்பக்கம் வருதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஓடும் புகைவண்டியின் பலகணி வழியே ஓர் ஊரைக் காண்பவனை எண்ணிப் பாருங்கள். முதலில் வெயிலைக் காண்கின்றான். பிறகு மழையைக் காண்கின்றான். வெயிலடித்த இடத்திலேயே மழை வந்ததா, அல்லது மழை பெய்துகொண்டிருந்த வேறோர் இடத்துக்குத் தான் வந்து சேர்ந்தானா என்பதனை அவன் அறியான். அதுபோலவே, செயற்கைக்கோள் காட்டும் மாறுதல் காலத்தால் ஆனதா, இடத்தால் ஆனதா என்பது ஒற்றைக் கோளைக் கொண்டு துணிதற்கு அரியது.

இக்குறையை ஓரளவு நீக்கவேண்டியே ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தார் 2013-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் ஸ்வார்ம் எனப்படும் மூன்று கோள்களை ஒருங்கே ஏவினர். அவற்றுள் இரண்டு அருகருகே செல்வன; ஒன்று சற்று உயரத்திற் செல்வது. கானடா நாட்டில் துருவ ஒளியைப் படம்பிடிப்பதையே இன்பமாகக் கொண்ட பொதுமக்கள் சிலர், வழக்கமான ஒளிக்குத் தெற்கே ஊதா நிறமான மெல்லிய கீற்றொன்றைப் பலமுறை கண்டு, அதற்கு ஸ்டீவ் என்று விளையாட்டாகப் பெயரிட்டிருந்தனர். ஸ்வார்ம் கோளொன்று அக்கீற்றின் ஊடே சென்றபொழுது, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் அகலமுள்ள வெப்பமான ஆறொன்று வினாடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கு நோக்கி ஓடுவதைக் கண்டது. இம்முடிபு 2018-ஆம் ஆண்டு வெளியாயிற்று. பட்டம் பெறாதார் கண்ணும் ஆராய்ச்சிக்குத் துணையாதல் கூடும் என்பதற்கு இது சான்று.

ரேடாரின் செயல்

ஆயினும் ஓரிடத்தில் நிலையாக நின்று, கீழிருந்து மேல்வரை ஒரே காலத்தில் நோக்கவல்லது ரேடாரே. விமானத்தை அறியும் ரேடாரை யாவரும் கேட்டிருப்பர். வானொலி அலையை அனுப்பி, அது திரும்பி வரும் காலத்தைக் கொண்டு தூரத்தை அளப்பது அதன் முறை. விமானம் பெரிய பொருள். அலையை நன்கு எதிரொலிக்கும். எலக்ட்ரானோ கட்புலனாகாத துகள். அதனை ரேடாரால் அறிதல் கூடுமோ?

கூடும் என்று 1958-ஆம் ஆண்டு அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் கார்டன் கூறினார். ஒவ்வோர் எலக்ட்ரானும் தன்மேற் படும் அலையில் மிகச் சிறு பகுதியைச் சிதறடிக்கும். 300 கிலோமீட்டர் உயரத்தில் ரேடாரின் கதிர் அகப்படுத்தும் கோடானுகோடி எலக்ட்ரான்களையும் ஒன்றுகூட்டி அலையைத் தடுக்கும் பரப்பைக் கணக்கிட்டாலும், அது ஓர் அரிசிமணியின் பரப்பினும் மிகாது. அவ்வளவு சிறிய பொருளை அவ்வளவு உயரத்திற் காண்டலே இம்முறையின் அருமை. அவ்வாண்டிலேயே கென்னெத் போல்ஸ் என்பார் இதனைச் செய்துகாட்டினார். திரும்பிவந்த ஒலிப்பில் ஒரு புதுமையும் இருந்தது. எலக்ட்ரான்கள் தம் மனம்போனவாறு திரியாமல், தம்மினும் மிகக் கனத்த அயனிகளுக்குக் கட்டுப்பட்டே அசைகின்றன என்பது அதனால் தெரிந்தது. ஆகவே ஓர் எதிரலையைப் பகுத்து ஆராய்ந்தால், எலக்ட்ரான்களின் செறிவு, அவற்றின் வெப்பநிலை, அயனிகளின் வெப்பநிலை, அவை செல்லும் வேகம் ஆகிய நான்கும் கிடைக்கின்றன. அலை 300 கிலோமீட்டர் ஏறி இறங்குதற்கு ஆகும் காலம் வினாடியில் ஐந்நூறில் ஒரு பங்கே.

இம்முறையைத் துருவத்துக்குக் கொண்டு செல்ல 1975-ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடுகள் சில கூடி எய்ஸ்காட் என்னும் சங்கத்தை நிறுவின. நார்வேயின் டிரோம்சோவில் 32 மீட்டர் அகலமுள்ள தட்டு அலையை அனுப்ப, சுவீடனின் கிரூனாவும் பின்லாந்தின் சோடன்கிலாவும் எதிரலையை ஏற்கும்படி அமைத்து, 1981-ஆம் ஆண்டு பணி தொடங்கினர். 1996-ஆம் ஆண்டு, வடமுனைக்கு இன்னும் அண்மையில், 78 பாகை வட அட்சத்திலுள்ள ஸ்வால்பார்டு தீவில் வேறொரு ரேடார் எழுந்தது. குளிர்காலத்தில் அத்தீவில் நண்பகலும் இருளே. மேலும், சூரியக் காற்று பகற்புறத்தில் நேரே நுழையும் வாயில் நாள்தோறும் அத்தீவின் மேலாகக் கடந்து செல்கின்றது. ஆதலால் பிறவிடங்களில் பகலொளி மறைத்துவிடும் நண்பகல் துருவ ஒளியை அங்கே கண்ணாலும் ரேடாராலும் ஒருங்கே காணலாம். அத்தீவில் உள்ள 42 மீட்டர்த் தட்டு காந்தக் கோட்டின் திசையிலேயே அசையாது நிறுத்தப்பட்டுள்ளது.

இவற்றினும் எளிய ரேடார்களைக் கொண்ட சூப்பர்டார்ன் என்னும் பெருவலை இருமுனைகளையும் சூழ்ந்துள்ளது. பன்னாட்டார் நடத்தும் முப்பதுக்கு மேற்பட்ட ரேடார்கள் இதில் அடங்கும். துருவ வானத்து அயனிகள் நள்ளிரவுப் புறமாகத் துருவத்தைக் கடந்து, காலை மாலைப் பக்கங்களின் வழியே திரும்பி, இரண்டு பெருஞ்சுழிகளாகச் சுழல்வதனை இவ்வலை சில நிமிடங்களுக்கொருமுறை படமாக வரைந்து காட்டுகின்றது.

இரண்டின் கூட்டமும் பயனும்

இதுகாறும் கூறியவாற்றால் ஒன்று புலனாகும். செயற்கைக்கோள் பரந்து காண்பது, நின்று காண்பதன்று. ரேடார் நின்று காண்பது, பரந்து காண்பதன்று. ஆகவே ஒரு கோள் ரேடாரின் தலைக்கு நேரே கடக்கும் நேரத்தை ஆராய்ச்சியாளர் முன்னரே கணித்துக் காத்திருப்பர். மேலிருந்து எத்துணை மின்சாரமும் எலக்ட்ரானும் இறங்குகின்றன என்பதனைக் கோள் கூறும். இறங்கியவை எவ்வுயரத்தில் தங்கின, அங்குள்ள காற்றை எவ்வளவு சூடேற்றின என்பதனை ரேடார் கூறும். இருவர் சாட்சியும் ஒத்தபோது உண்மை துணியப்படும். ஒவ்வாதபோது புதிய வினா பிறக்கும்.

இவ்வாராய்ச்சி அறிவின் பொருட்டு மாத்திரமன்று. 1989-ஆம் ஆண்டு மார்ச்சு 13-ஆம் நாள் துருவ வானில் பெருகிய மின்னோட்டம், கானடாவின் கியூபெக் மாகாணத்து மின்கம்பிகளிலும் மின்சாரத்தைத் தூண்ட, அம்மாகாணம் முழுதும் இரண்டு நிமிடத்துக்குள் இருளில் மூழ்கிற்று. அறுபது இலட்சம் மக்கள் குளிரில் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி வருந்தினர். 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் அமெரிக்க நிறுவனமொன்று 49 செயற்கைக்கோள்களை ஏவி, முதலில் 210 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்திற்று. அப்போது வீசியது சிறு காந்தப்புயலே. ஆயினும் துருவங்களில் இறங்கிய மின்னோட்டம் மேற்காற்றைச் சூடேற்ற, காற்று விரிந்து மேலெழுந்து கோள்களின் வேகத்தைக் குன்றச்செய்தது. ஏறத்தாழ நாற்பது கோள்கள் எரிந்தழிந்தன. பிர்க்கலண்ட் பனிமலையிலிருந்து கண்ட அம்மின்னோட்டமே இவ்விரண்டற்கும் காரணம். ஒருகால் வீண்வாதமெனப்பட்ட பொருள் இன்று உலகின் விளக்கையும் செய்தித் தொடர்பையும் காத்தற்கு இன்றியமையாத பொருளாயிற்று.

இப்பொருளில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. துருவத்தில் எழும் மின்கலக்கம் சிறிது நேரத்திற்குள் பூமியின் காந்த நடுக்கோடு வரை உணரப்படும். அந்நடுக்கோடு நம் தென்பாண்டி நாட்டை ஒட்டிச் செல்வதனால், இந்தியப் புவிக்காந்த ஆராய்ச்சி நிறுவனத்தார் திருநெல்வேலியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கின்றனர். தென்துருவக் கண்டத்திலுள்ள இந்திய நிலையங்களிலும் அந்நிறுவனத்தார் காந்த ஆராய்ச்சி செய்து வருகின்றனர். தாமிரபரணிக் கரையிலும் தென்துருவப் பனியிலும் ஒரே புயலின் அடிச்சுவட்டைத் தேடுவோர் நம்மவரே.

முடிவுரை

இவ்வரலாற்றைப் படித்தபின் என் உள்ளத்தில் நின்றது ஒன்று. பிர்க்கலண்டும் சாப்மனும் ஒரே காந்த ஊசியையே நோக்கினர். இருவரும் நேர்மையாகவே நோக்கினர். எனினும் இருவேறு முடிபு கொண்டனர். வாதத்தின் வன்மையால் தீராத அவ்வழக்கு, நோக்கும் இடத்தை மாற்றியவுடன் தீர்ந்தது. நாம் பயிலும் எத்துறையிலும், ஏட்டின் ஒரு பிரதியையே வைத்துக்கொண்டு பாடபேதத்துக்காகப் பூசலிடும் நம் தமிழ்த் துறையிலும், இது நினைவிற் கொள்ளத்தக்கது. வேறொரு பிரதியைத் தேடிச் செல்வதே அறிவுடைமை. பிர்க்கலண்ட் தேடிச் சென்றவர். அவரால் இயன்ற உயரம் 900 மீட்டர். எஞ்சிய உயரத்தைப் பின்வந்தோர் ஏறினர்.